விறகுச் சூளை: சக்கரத்திலிருந்து கண்காட்சிக் கூடம் வரை முழு வழிகாட்டி

விறகுச் சூளை என்றதும் 'நெருப்பு தருவதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்' என்று யாராவது சொல்லிவிடுவார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல சூளைகளைத் தொடர்ந்து பிரிப்பவர்கள் அப்படி வேலை செய்வதில்லை. எந்தக் கலம் சூளையில் எந்த இடத்தில் உட்காரப்போகிறது, தீ அதன் எந்தப் பக்கத்தைத் தொடப்போகிறது என்பதை மண் பிசையும்போதே யோசித்துவிடுகிறார்கள். நெருப்பின் விருப்பத்துக்கு விடுவது அதற்குப் பிறகு மிஞ்சும் பங்கை மட்டும்தான்.

சக்கரத்தில் ஓரளவு கை படிந்து, மின் சூளையிலோ கேஸ் சூளையிலோ ஸ்டோன்வேர் (உயர்வெப்பத்தில் இறுகும் மண்கலம்) சுட்டுப் பழகி, அடுத்து விறகில் ஒரு தொகுதி கலங்களைச் சுட்டுக் கண்காட்சி வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். களமாகப் புதுச்சேரி, ஆரோவில் பகுதியை எடுத்துக்கொள்கிறேன். 1971இல் மட்பாண்டக் கலைஞர்கள் ரே மீக்கரும் டெபரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே பயின்றவர்கள் பலர் சுற்றுவட்டாரத்திலேயே பட்டறை போட்டதால், இந்தியாவில் உயர்வெப்ப ஸ்டோன்வேர் வேலையைப் பற்றிப் பேசினால் இந்தப் பகுதியைத் தவிர்க்க முடியாது. மீக்கர் மண்ணால் வீடு கட்டி, உள்ளே செங்கல்லை அடுக்கி, அந்த வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தவர் என்பதையும் இடையில் சொல்லிவைக்கிறேன். நெருப்பின் மேல் அவ்வளவு நம்பிக்கை நமக்குத் தேவையில்லை.

இன்னொன்றையும் தெளிவாக்கிவிட வேண்டும். நம் ஊர் வேளார்களின் சூளையும் விறகுச் சூளைதான். வைக்கோல், வறட்டி, மட்டை, விறகு என்று அடுக்கி மேலே மண் பூசிச் சுடும் அந்த முறையில் வெப்பம் பெரும்பாலும் 700 முதல் 900 டிகிரிக்குள் நிற்கும். அய்யனார் கோயில் குதிரையும் பொங்கல் பானையும் அதில் வருபவை. பானையின் உடம்பில் நுண்துளைகள் இருக்கும், தண்ணீர் கசியும், அதனால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. ஸ்டோன்வேர் 1300 டிகிரியை ஒட்டிச் சுடப்படுவது. அங்கே மண் பாதி கண்ணாடியாகி இறுகிவிடும், விறகின் சாம்பலும் உருகிக் கலத்தின் மேல் ஓடும். இந்த வழிகாட்டி இரண்டாவதைப் பற்றியது.

நாட்களைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

முதல் வேலை மண்ணில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது. நல்ல கூடங்களில் ஓராண்டுக்கு முன்பே தேதி கேட்க வேண்டிவரும். கண்காட்சிக்கு இரண்டு மாதம் முன்பாவது புகைப்படங்கள் கையில் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் சுத்தம் செய்தல், தேர்வு, அதற்கும் முன்னால் சூளை. ஒரே சூளையை நம்பிக் கண்காட்சித் தேதி கொடுக்காதீர்கள், இரண்டு சூளைக்காவது இடம் விடுங்கள். முதல் சூளையில் எது குறைந்தது என்று பார்த்து இரண்டாவதில் அதை நிரப்பலாம்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் விறகு ஈரம் குடித்துவிடும், சூளைச் சுவரும் ஈரமாக இருக்கும், வனைந்த கலமும் காயாது. கத்திரி வெயிலில் 1300 டிகிரி சூளைவாயில் நிற்பதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தை முதல் பங்குனி வரை சுடுவதற்கு நல்ல காலம். அந்தக் கலங்களை ஆடி, ஆவணியிலோ, சென்னையென்றால் மார்கழியில் ஊரே கச்சேரிக்கும் கலைக்கும் வெளியே வரும் நேரத்திலோ காட்டலாம்.

மண்

ஸ்டோன்வேர் மண் என்பது தீமண், பால் கிளே, ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றின் கலவை. இழுத்தால் வளைந்துகொடுக்கும் தன்மை பால் கிளேயிலிருந்து வருகிறது, உருகி இறுக்குவது ஃபெல்ட்ஸ்பார், உயர்வெப்பத்தில் தளராமல் நிற்பது தீமண். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேல் படிந்திருக்கும் வெண்களிமண்ணும் பண்ருட்டிப் பக்கத்து மண்ணும் செராமிக் தொழிலுக்குப் பழக்கமானவை. சீனக்களிமண் கேரளத்திலிருந்தும் ஃபெல்ட்ஸ்பார் ராஜஸ்தானிலிருந்தும் வருகின்றன. மூலப்பொருள் எங்கே கிடைக்கும் என்று தெரியாதவர்கள் ஒருமுறை விருத்தாசலம் போய்வருவது நல்லது. செராமிக் தொழிற்பேட்டையும் அரசு செராமிக் தொழில்நுட்பப் பயிற்சி நிலையமும் உள்ள ஊர் அது. மண்ணைத் தொழிலாகப் பார்ப்பவர்களிடம் அரை மணி நேரம் பேசினால் நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

விறகுச் சூளைக்கு இரண்டு மண் வைத்துக்கொள்வது வசதி. ஒன்று இரும்பு குறைந்த, அலுமினா மிகுந்த வெளிர்மண். கிளேஸ் (சுட்டால் கண்ணாடிபோல் ஆகும் பூச்சு) பூசாமல் விட்டால் விறகின் காரஆவி பட்ட இடம் ஆரஞ்சாகவும் செம்பழுப்பாகவும் சிவக்கும். மற்றொன்று இரும்பு சற்றுக் கூடிய கருமண். சாம்பல் உருகி வழியும் பெரிய ஜாடிகளுக்கு அது பொருந்தும். இரும்பு அதிகமானால் ரிடக்‌ஷன் நெருப்பில் மண் கொப்புளிக்கும், தளரும், எனவே இதில் பேராசை வேண்டாம். ரிடக்‌ஷன் என்பது காற்று போதாமல் எரியும் நெருப்பு. தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனை அது மண்ணிலும் கிளேஸிலும் உள்ள இரும்பு ஆக்ஸைடிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். நிறங்கள் மாறுவது இதனால்தான்.

புதிய மண் எதுவானாலும் மூன்று சோதனைகளுக்குப் பிறகே வனையத் தொடங்குங்கள். ஈரமண் பட்டையில் சரியாக 10 செ.மீ. கோடு கிழித்துச் சுட்டு அளந்தால் சுருக்கம் தெரியும். கோடு 8.8 செ.மீ. ஆனால் சுருக்கம் 12 சதவீதம். அந்த மண்ணில் 9 செ.மீ. உயரக் குவளை வேண்டுமென்றால் 10.2 செ.மீ. வனைய வேண்டும். அடுத்து, சுட்ட துண்டை எடை போட்டு, 5 மணி நேரம் கொதிநீரில் வைத்து, துடைத்து மறுபடி எடை போடுங்கள். எடை 3 சதவீதத்துக்கு மேல் கூடினால் சாப்பாட்டுக் கலத்துக்கு அது ஆகாது. மூன்றாவது சோதனைக்கு, ஒரு பட்டையை இரு முனைகளில் மட்டும் தாங்கவைத்துச் சுடுங்கள். நடுவில் எவ்வளவு தொய்கிறது என்பது அந்த மண்ணில் அகலத் தட்டு செய்யலாமா என்பதைச் சொல்லிவிடும்.

வனைதல்

விறகுச் சூளைக்கு வனையும்போது மெல்லிய சுவர் பெருமையை ஒதுக்கிவையுங்கள். முன்வரிசையில் நிற்கும் கலத்தின் ஒரு பக்கம் தீயைப் பார்க்கும், மறுபக்கம் நிழலில் இருக்கும். இரண்டு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சூடாகும், மேலே சாம்பலின் சுமையும் ஏறும். சுவர் சற்றுத் தடித்து, அடி உறுதியாக இருந்தால்தான் இதைத் தாங்கும். பின்வரிசைக்கு அந்தக் கவலை இல்லை. மெல்லிய குவளைகளை அங்கே அனுப்பலாம்.

மேற்பரப்பைப் பற்றி இங்கேயே யோசிக்க வேண்டும். உருகிய சாம்பல் வழியும் திரவம். அதற்கு நிற்க ஒரு தோள், தேங்க ஒரு பள்ளம், வழிந்து வந்து திரள ஒரு விளிம்பு இருந்தால் அழகாகும். நேர்ச்சுவரில் சரசரவென்று ஓடி அடியில் ஒட்டிக்கொள்ளும். விரல் தடம், கம்பியால் சீவிய முகம், தட்டுப்பலகையின் அடி எல்லாம் விறகில் துலங்கும். நுணுக்கமான செதுக்குவேலை சாம்பலுக்கு அடியில் காணாமல் போகும். அதைச் செய்தே ஆக வேண்டும் என்றால் தீ நேரடியாகப் படாத இடத்தில் வைக்கும் கலத்தில் செய்யுங்கள். வனைந்த ஒவ்வொன்றின் அடியிலும் சிறு குறி இடுங்கள்: முன், நடு, பின். எளிமையான பழக்கம்தான், ஆனால் சூளை அடுக்கும் நாளில் குழப்பம் இருக்காது.

பட்டறைத் தூசி பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த களிமண் தூசியில் சிலிக்கா இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் சிலிகோசிஸ் வரும், அதற்குக் குணமில்லை. துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். கிளேஸ் பொடிகளைக் கலக்கும்போது என்95 முகக்கவசம் போடுங்கள்.

முதல் சூடு, கிளேஸ்

சில கலைஞர்கள் பச்சைக் கலத்தையே நேராக விறகுச் சூளையில் வைப்பார்கள். தொடக்கக்காரர்கள் 950 டிகிரி அளவில் மின் சூளையில் ஒருமுறை பிஸ்க் (கிளேஸ் பூசுவதற்கு முந்தைய முதல் சூடு) சுட்டுக்கொள்வது பாதுகாப்பு. 573 டிகிரியில் குவார்ட்ஸ் சட்டென்று அளவு மாறுகிறது, ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை மெதுவாகக் கடக்க வேண்டும்.

கிளேஸ் விஷயத்தில் கை அடக்கம் தேவை. உணவு படும் உட்புறத்துக்கு நம்பகமான கிளேஸ் கட்டாயம். வெளிப்புறத்தை வெறுமையாகவோ மெல்லிய வெண்மண் கரைசல் மட்டும் பூசியோ விட்டுவிடலாம், மிச்சத்தைத் தீயும் சாம்பலும் செய்யும். இரும்பு ஒன்றிரண்டு சதவீதம் கலந்த செலடான் கிளேஸ் ரிடக்‌ஷனில் இளம்பச்சையாகும். எட்டுப் பத்து சதவீதம் கலந்த டென்மோக்கு கிளேஸ் கருமையாகி விளிம்பில் துருநிறம் காட்டும். இவற்றை நடுவரிசையில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் கிளேஸ் பூசிவிட்டு விறகில் சுடுவது விறகுக்குச் செலவழித்த பணத்தை வீணாக்கும் வேலை. கேஸ் சூளையிலேயே அதைச் செய்திருக்கலாம்.

அடிப்பாகத்திலிருந்து ஒரு விரல் உயரத்துக்கு கிளேஸைச் சுத்தமாகத் துடைத்துவிட மறக்க வேண்டாம். ஈயம் கலந்த எதுவும் பட்டறைக்குள்ளேயே வரக்கூடாது.

விறகு

கடலோர மணலில் தோப்புத் தோப்பாக நிற்கும் சவுக்குதான் இந்தப் பகுதிச் சூளைகளின் முக்கிய விறகு. அடர்த்தியான கட்டை, நல்ல வெப்பம், நேராகப் பிளக்கும். சீமைக்கருவேலம் அதைவிடக் கங்கு கட்டும். தொடக்கத்தில் மெதுவாக ஏற்ற அது நல்லது, உச்சத்தில், சூளையில் விறகு எரியும் அறையான தீப்பெட்டியைக் கங்கால் நிரப்பி மூச்சுமுட்ட வைக்கும். முந்திரிக் கட்டையும் கிடைக்கும். தென்னை மட்டை சட்டென்று நீண்ட தழல் கொடுத்து அணைந்துவிடும், பக்கத் துளைகளில் போட ஏற்றது.

எந்த மரமாயினும் வெட்டி ஆறு மாதமாவது காய்ந்திருக்க வேண்டும், ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஈர விறகு தன் நீரை ஆவியாக்கவே வெப்பத்தைத் தின்றுவிடும். 1200 டிகிரிக்கு மேல் ஏறாமல் இரவெல்லாம் மல்லுக்கட்டும் பல சூளைகளின் நோய் இதுதான். மூன்று அளவில் பிளந்து தனித்தனியாக அடுக்குங்கள்: தொடை கனம் தொடக்கத்துக்கு, மணிக்கட்டு கனம் நடுப்பகுதிக்கு, விரல் கனச் சிம்புகள் கடைசிக்கும் பக்கத் துளைகளுக்கும். எவ்வளவு வேண்டும் என்பது சூளையையும் நேரத்தையும் பொறுத்தது. சிறிய சூளைக்கு அரை டன், பல நாள் எரியும் அனகாமா என்ற குகைச் சூளைக்குப் பல டன். கணக்குப் போட்டதைவிடக் கால் பங்கு கூடுதலாக வாங்கிவையுங்கள். நள்ளிரவில் விறகுக்கடை திறந்திருக்காது. தோப்பில் வளர்த்த மரம்தானா என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

எந்தச் சூளை

அனகாமா ஒரே அறை கொண்ட சாய்வான குகைச் சூளை, கொரியா வழியாக 5ஆம் நூற்றாண்டு வாக்கில் ஜப்பானுக்குப் போனது. முன்னால் தீ, பின்னால் புகைபோக்கி, நடுவில் கலங்கள். சாம்பல் அதிகம் வேண்டுபவர்களுக்கு இதுதான். ஜப்பானின் பிசென் ஊரில் செம்பைன் விறகில் பத்து நாளுக்கு மேலும் சுடுவார்கள். நொபொரிகாமா மேட்டில் படிப்படியாக ஏறும் பல அறைச் சூளை, ஓர் அறையின் வெப்பம் அடுத்த அறையைச் சூடாக்கும். போரி பெட்டி என்பது விறகு மேலே குறுக்காகக் கிடக்க, தழல் கீழ்நோக்கி இழுக்கப்படும் தீப்பெட்டி. விறகு மிச்சம், புகை குறைவு, ஒரே நாளில் முடியும், சாம்பலும் கொஞ்சமாகத்தான் வரும்.

முதல்முறை சுடுபவர் சொந்தமாகச் சூளை கட்டக்கூடாது என்பது என் கருத்து. வேறொருவர் சூளையில் இடம் கேளுங்கள், விறகு பிளந்து கொடுங்கள், இரவுக் காவல் இருங்கள். சூளை கட்டும் செலவும் இடமும் பெரிது. தன் சூளையின் குணத்தை அறிந்த ஒருவர் பக்கத்தில் நின்று கற்கும் பாடம் புத்தகத்தில் கிடைக்காது.

அடுக்குதல்

அடுக்குவதிலேயே பாதிச் சூளை முடிந்துவிடும் என்பதால் இதற்கு ஒரு முழு நாளாவது ஒதுக்குங்கள், பெரிய சூளைக்கு இரண்டு மூன்று நாள்.

முதலில் ஒட்டாமல் காக்கும் வேலை. அலுமினா ஹைட்ரேட்டும் சீனக்களிமண்ணும் சம அளவில் பிசைந்து சுண்டைக்காய் அளவு உருண்டை பிடித்து, ஒவ்வொரு கலத்தின் அடியிலும் ஒட்டுங்கள். சிறிய கலத்துக்கு மூன்று போதும், மூன்று காலில் நிற்பது ஆடாது. அகலத் தட்டுக்கு நடுவிலும் தாங்கல் வேண்டும். மூடியைக் கலத்தின் மேலேயே உருண்டைகளின் மீது வைத்துச் சுடுங்கள், அப்போதுதான் இரண்டும் ஒரே மாதிரி சுருங்கிப் பொருந்தும். உருண்டை இருந்த இடம் வெளிறிய வட்டமாகக் கலத்தில் பதியும் என்பதால், அதை எங்கே வைக்கிறோம் என்பதும் அலங்காரத்தில் சேர்த்தி. ஜாடியைப் படுக்கவைத்துச் சுட விரும்பினால் கடற்சிப்பிக்குள் இதே கலவையை அடைத்து அதன்மேல் கிடத்தலாம். சிப்பி சுட்டுச் சுண்ணாம்பாகிவிடும், பிறகு தண்ணீரில் வைத்தால் உதிர்ந்துபோய், சிப்பியின் வரிகள் மட்டும் கலத்தில் நிற்கும். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும், கையை விட்டுப் பார்க்காதீர்கள்.

அடுத்து தீயின் வழி. தழல் ஆறு போலத்தான்: தடை வந்தால் சுற்றிப் போகும், குறுகினால் வேகமெடுக்கும், அகலமானால் தயங்கி வண்டலை இறக்கும். கலங்களுக்கு நடுவே அது ஓட வழி விடுங்கள், நேர்க்கோட்டு வழி மட்டும் விடாதீர்கள். முன்னிருந்து பின்வரை ஒரு சந்து திறந்திருந்தால் தழல் அதிலேயே பாய்ந்து புகைபோக்கிக்குப் போய்விடும், இருபுறமும் குளிர்ந்து கிடக்கும். மேலே கூரைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவில் பெரிய வெற்றிடம் விட்டாலும் அதே கதை. பின்பகுதியை அளவுக்கு மீறி நெருக்கினால் சூளைக்கு மூச்சு போகாது.

முன்வரிசையில் தடித்த, கிளேஸ் பூசாத பெரிய கலங்கள். நடுவில் கிளேஸ் பூசிய சாப்பாட்டுக் கலங்கள். பின்னால் குறைந்த வெப்பத்தில் முதிரும் கிளேஸ்களும் ஆவி மட்டும் பட்டுச் சிவக்கும் வெளிர்மண் கலங்களும். ஒரு கலம் அடுத்ததன் மேல் தழல் நிழல் போடும், வேண்டுமென்றே அருகருகே வைத்து அந்த நிழலை வரையலாம். குவளைகளில் கவனம். உதடு படும் விளிம்பில் உருகாத சாம்பல் படிந்தால் உப்புத்தாள் போல் சொரசொரக்கும். குவளைகளை நேர்த் தழலுக்கு மறைவாக, உயரமான கலத்தின் பின்னால் வையுங்கள்.

கோன்களை வைக்காமல் வாயிலை அடைக்காதீர்கள். குறிப்பிட்ட வெப்ப உழைப்பில் வளையும் சிறு கூம்புகள் அவை. 10ஆம் எண் ஏறக்குறைய 1300 டிகிரியில் வளையும். 8, 9, 10, 11 என்று ஒரு வரிசை முன்னால், இன்னொன்று பின்னால், பார்வைத் துளை வழியே தெரியும்படி வையுங்கள். கம்பியால் கொக்கிபோட்டு வெளியே இழுக்கக்கூடிய மண் வளையங்கள் சிலவற்றையும் அருகில் வையுங்கள். சாம்பல் உருகிவிட்டதா என்பதை வெப்பமானி சொல்லாது, வளையம் சொல்லும்.

சுடுதல்

ஆட்களை முதலில் பிரியுங்கள். ஆறு மணி நேர முறை, ஒரு முறைக்கு இரண்டு பேருக்குக் குறையாமல். பருத்தி உடை, தோல் கையுறை, மூடிய காலணி. சூளைக்குள் பார்க்க வெல்டிங் கண்ணாடி. செயற்கை நூல் சட்டை தீப்பொறியில் உருகித் தோலில் ஒட்டும். ஒரு நோட்டில் நேரம், முன் வெப்பம், பின் வெப்பம், டாம்பர் (புகைபோக்கியின் இழுப்பைக் கூட்டிக் குறைக்கும் தடுப்பு) நிலை, விறகின் அளவு ஆகியவற்றை அரை மணிக்கொருமுறை எழுதுங்கள். அடுத்த சூளைக்கு வழிகாட்டப்போவது அந்த நோட்டுதான்.

முதல் பொழுதில் சூளைவாய்க்கு வெளியே சிறு தீ போதும். கலத்திலும் உருண்டையிலும் சுவரிலும் உள்ள ஈரம் வெளியேறும்வரை 100 டிகிரியைத் தாண்ட அவசரப்படாதீர்கள். பிறகு மணிக்கு 50 முதல் 100 டிகிரி வரை ஏற்றி 600ஐக் கடந்தால் மூச்சு விடலாம். தீயை மெல்ல உள்ளே தள்ளி, தீத்தட்டின் மேல் கொண்டுவாருங்கள்.

900 டிகிரி அருகில் டாம்பரைச் சற்று மூடி ரிடக்‌ஷன் தொடங்குங்கள். பார்வைத் துளையின் செருகலை எடுத்தால் தழல் நாக்கு வெளியே நீள வேண்டும். கருப்புப் புகை குபுகுபுவென்று போவதைப் பார்த்துப் பெருமைப்பட வேண்டாம், அது எரியாமல் போகும் விறகு. கார்பன் மோனாக்ஸைடு மணமில்லாதது, அதனால் கொட்டகை நாலு பக்கமும் திறந்திருக்க வேண்டும்.

1000க்கு மேல் தாளம்தான் எல்லாம். விறகு விழுந்ததும் சூளை மூச்சுமுட்டிப் புகைக்கும், வெப்பமானி ஓரிரு டிகிரி இறங்கக்கூடச் செய்யும். சில நிமிடத்தில் புகை தெளியும், புகைபோக்கியின் தழல் உள்வாங்கும், வெப்பம் ஏறும். அது ஏறி முடித்துத் தயங்கும் கணத்தில் அடுத்த பிடி விறகு. அதற்கு முன்னால் போட்டால் கங்கு குவியும், தாமதித்தால் குளிர்காற்று புகும். இந்த இடைவெளி எவ்வளவு என்று நான் எழுதிக்கொடுக்க முடியாது. சூளைக்குச் சூளை மாறும், ஈரக்காற்று வீசும் இரவில் ஒரே சூளையிலும் மாறும். சத்தத்தைக் கேளுங்கள். விறகு பிடித்ததும் எழும் உறுமல் தணியத் தொடங்கும்போது கை தானாக விறகை எடுக்கும் நிலை வரும்.

வெப்பம் ஓரிடத்தில் நின்றுவிட்டால், எல்லாரும் செய்யத் துடிப்பது இன்னும் விறகு போடுவதைத்தான். பெரும்பாலும் வியாதி அதற்கு நேர்மாறானது. தீத்தட்டுக்குக் கீழே கங்கு மலையாகிக் காற்றை அடைத்திருக்கும். கீழ்க் காற்றுத்துளைகளைத் திறந்து, நீண்ட கம்பியால் கங்கைக் கிளறி எரியவிடுங்கள். விறகை மெலிதாக்குங்கள், குறைவாக, அடிக்கடி போடுங்கள். டாம்பரைச் சிறிது திறந்து பாருங்கள். ஒரே நேரத்தில் மூன்றையும் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். ஒன்றை மாற்றி இருபது நிமிடம் காத்திருங்கள்.

1240க்கு மேல் சாம்பல் உருகத் தொடங்குகிறது. மரச்சாம்பலில் உள்ள கால்சியமும் பொட்டாசியமும் மண்ணின் சிலிக்காவையும் அலுமினாவையும் இழுத்துச் சேர்த்துக் கண்ணாடியாகின்றன. இரும்புச் சாயை இருந்தால் ரிடக்‌ஷனில் பச்சை, காற்று மிகுந்தால் தேன் நிறம். இதற்கு வெப்பம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். அதனால்தான் முன்பக்கம் 10ஆம் கோன் சாய்ந்ததும் நிறுத்தாமல் மணிக்கணக்கில் அதே வெப்பத்தில் பிடித்துவைக்கிறார்கள். ஒருநாள் சூளையில் அவ்வளவு சாம்பல் வராது. வேண்டுமென்றால் சலித்த சாம்பலை அடுக்குவதற்கு முன்பே கலத்தின் தோளில் தூவிக்கொள்ளலாம். இதை ஏமாற்று வேலை என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை, கலம் எப்படி வந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பின்பகுதி பின்தங்கினால் பக்கத் துளைகளில் சிம்புகளைப் போட்டு இழுத்து வாருங்கள். பின்னால் 8 அல்லது 9 சாய்ந்து, வளையத்தில் சாம்பல் பளபளத்து ஓடியிருந்தால் போதும். கடைசி விறகைப் போட்டு எரியவிட்டு, டாம்பரை மூடி, துளைகளையும் வாயிலின் இடுக்குகளையும் களிமண்ணால் பூசி அடைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

பிரித்தல்

சுட்ட நேரத்துக்குச் சமமான நேரம் ஆறவிடுவது பொதுவான வழக்கு. 573இலும், பிறகு 226 டிகிரி அளவிலும் சிலிக்கா சுருங்கும், அந்த நேரத்தில் குளிர்காற்று பட்டால் 'டிங்' என்று ஒரு சத்தம், கலத்தில் விரிசல். உள்ளே 100க்குக் கீழே இறங்கும்வரை ஒரு செங்கல்லைக்கூட உருவாதீர்கள். நண்பர்கள் ஆவலாகக் கூடி நிற்பார்கள், அவர்களுக்கு டீ கொடுத்து உட்காரவையுங்கள்.

எடுக்கும் முன் ஒவ்வொரு வரிசையையும் படமெடுங்கள். எங்கே நின்றது எப்படி வந்தது என்ற தொடர்பு ஒருமுறை கலைந்தால் திரும்பாது. அடிகளில் ஒட்டிய உருண்டைகளைத் தட்டி எடுத்து, வைரத்தாளால் நீரில் நனைத்துத் தேயுங்கள். சாம்பல் கண்ணாடியின் துணுக்குகள் பிளேடுபோல் வெட்டும், கையுறையும் கண் கவசமும் இல்லாமல் தொடக்கூடாது. சாப்பாட்டுக் கலம் ஒவ்வொன்றிலும் ஓர் இரவு தண்ணீர் ஊற்றி, கசிகிறதா என்று காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள்.

தேர்வு, விலை, கூடம்

சூளையிலிருந்து வந்ததில் மூன்றில் ஒரு பங்குகூடக் கூடத்துக்குப் போகத் தேவையில்லை. விறகுச் சூளைக் கலங்களின் மேற்பரப்பு தானே நிறையப் பேசும், ஐம்பது கலங்கள் ஒரே மேசையில் நின்றால் சந்தை இரைச்சல். சூளை பிரித்து ஒரு மாதம் கழித்துத் தேர்ந்தெடுங்கள். முதல் நாள் மயக்கும் வழுக்குப் பச்சை ஒரு மாதத்தில் அலுத்துவிடலாம், மூலையில் கிடந்த வறண்ட சாம்பல்நிறக் கிண்ணம் அப்போதுதான் கண்ணில் படும். உடைந்ததை ஒட்டி 'நெருப்பின் தழும்பு' என்று தலைப்பிடும் வழக்கம் ஒன்று பரவிவருகிறது. விரிசல் விரிசல்தான்.

விலைக்கு மண், கிளேஸ், விறகு, சூளை வாடகை, உங்கள் நாள்கூலி, போகும் இழப்பு எல்லாவற்றையும் கூட்டுங்கள். தனியார் கூடங்கள் விற்பனையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை எடுத்துக்கொள்வது வழக்கம். கூடம் 40 சதவீதம் எடுக்கும், உங்கள் கைக்கு 3,000 ரூபாய் வர வேண்டும் என்றால் விலை 5,000. பட்டறையில் அதே கலத்தை 3,000க்கு விற்காதீர்கள், எந்தக் கூடமும் அடுத்தமுறை அழைக்காது.

இடம் தேடுபவர்கள் சென்னையில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதமி மண்டல மையத்தையும், கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தையும், முட்டுக்காடு தட்சிணசித்ராவையும் பார்த்து வரலாம். அளவும் ஒளியும் மூன்றிலும் வேறு. பெரிய மேடை என்றால் இந்தியன் செராமிக்ஸ் டிரையெனாலே என்ற செராமிக் கலைக் கண்காட்சி. முதல் பதிப்பு 2018இல் ஜெய்ப்பூர் ஜவஹர் கலா கேந்திராவிலும் இரண்டாவது 2024இல் டெல்லியிலும் நடந்தன. அங்கே எதிர்பார்ப்பது குவளை வரிசையை அல்ல, ஓர் எண்ணத்தைச் சுற்றிக் கட்டிய படைப்பை.

காட்சியமைப்பில், மேசை உயரம் 90 முதல் 110 செ.மீ. வரை, கலத்தின் தோள் பார்ப்பவரின் மார்புக்கு நேராக வரட்டும். நேர் மேலிருந்து விழும் வெளிச்சம் சாம்பல் ஓட்டத்தைத் தட்டையாக்கும், பக்கவாட்டில் சாய்த்து, மஞ்சள் சாயை உள்ள விளக்கைப் போடுங்கள். தீ பட்ட முகத்தைப் பார்வையாளருக்குக் காட்டி வைப்பது இயல்பு. சிலவற்றைத் திருப்பி நிழல் முகம் தெரிய வையுங்கள், ஆட்கள் சுற்றிவந்து பார்ப்பார்கள். குவளைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைக்காமல் தொட விடுங்கள், விற்பனையில் பாதி அங்கேதான் நடக்கிறது. பெயர்ச்சீட்டில் தலைப்பு, மண், சுடும் முறை, ஆண்டு, அளவு. கலைஞர் குறிப்பு நூற்றைம்பது சொல்லைத் தாண்ட வேண்டாம். பஞ்சபூதங்களை விட்டுவிட்டு, எந்த மண், எந்த விறகு, எத்தனை மணி நேரம், ஏன் இந்த வடிவம் என்று எழுதுங்கள். படிப்பவர்கள் மதிப்பார்கள்.

பெட்டி கட்டும்போது மூடியும் கலமும் தனித்தனியாக, மூக்குக்குள்ளும் கைப்பிடிக்குள்ளும் காகிதம் திணித்து, பெட்டிக்குள் பெட்டியாக, இரண்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 5 செ.மீ. மெத்தை விட்டுக் கட்டுங்கள். பெட்டியைக் குலுக்கினால் உள்ளே எதுவும் அசையக்கூடாது. பெட்டி எண், உள்ளே உள்ள கலங்கள், ஒவ்வொன்றின் படம், விலை அடங்கிய பட்டியலில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கூடத்தாரின் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். உடைந்தால் யார் பொறுப்பு, போக்குவரத்துச் செலவு யாருடையது, பணம் எத்தனை நாளில் வரும் என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். விற்காத கலங்களை எடுக்கப் போகும்போது, பெட்டியை அங்கேயே திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே திரும்பப் பெற்றதற்குக் கையெழுத்துப் போடுங்கள்.